யாருக்காக இந்தக் குஞ்சு?

அந்தமானின் ரங்கத் பஜாரில் உமா மகேஸ்வரியின் பெயரைச் சொன்னால் ஆட்கள் முதலில் சிரிப்பார்கள், அப்புறம்தான் பேசுவார்கள். அதற்காக அவளைக் கோமாளி என்று நினைத்துவிட வேண்டாம். போர்ட் பிளேரில் தங்கிக் கம்ப்யூட்டர் படித்துப் பட்டம் வாங்கியவள். என்ன ஒன்று, கண்ணில் படுகிற எதையும் கட்டமும் அம்புக்குறியுமாக வரைந்து பார்க்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. டீக்கடையில் உட்கார்ந்தால் மேசையில் சிந்தின டீயை விரலால் இழுத்து ஒரு வட்டம் போடுவாள். "இது உங்க அடுப்பு. ஆர்டர் இந்தப் பக்கமா வருது, டீ அந்தப் பக்கமா போவுது. நடுவுல வழிய மறிச்சிக்கிட்டு யாரு நிக்கிறது? நீங்கதான்!" என்பாள். டீக்கடைக்காரர் இப்போதெல்லாம் அவள் தலை தெரிந்ததுமே மேசையைத் துடைத்துவிடுகிறார்.

அவளுடைய கல்யாணத்தில் நடந்ததை இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். மாலையும் கழுத்துமாக மேடையில் நின்றவள், பந்தியில் கூச்சல் கேட்டதும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். எச்சில் இலை எடுத்துப் போகிறவர்களும் சாம்பார் வாளியோடு வருகிறவர்களும் ஒரே வாசலில் முட்டிக்கொண்டிருந்தார்கள். உள்ளே வர ஒரு வாசல், வெளியே போக ஒரு வாசல் என்று பிரித்துவிட்டாள். பந்தி சரசரவென்று நகர ஆரம்பித்ததைக் கண்குளிரப் பார்த்துவிட்டு, ஒன்றும் நடக்காதவள் போல மேடைக்குத் திரும்பினாள். நெற்றியில் குங்குமத்துக்குப் பக்கத்தில் சாம்பார் தெறித்திருந்தது. மாப்பிள்ளை கௌதம் கைக்குட்டையை எடுத்து நீட்டினான். ஒரு வார்த்தை பேசவில்லை.

கௌதம் அப்படித்தான். கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற லாங் ஐலண்ட் தீவில் பிறந்து வளர்ந்தவன். ரங்கத்துப் பக்கத்துப் படகுத்துறையான எராட்டா ஜெட்டிக்கும் லாங் ஐலண்டுக்கும் போய்வருகிற போட்டில் இன்ஜின் டிரைவர். பகல் முழுக்க அந்த இரைச்சலில் நிற்பதாலோ என்னவோ, வீட்டுக்கு வந்தால் வாயைத் திறக்க மாட்டான். திறந்தாலும் வருவது இரண்டே வார்த்தை. தோசை ஊற்றட்டுமா, சப்பாத்தி போடட்டுமா? "உன் இஷ்டம்." சுவருக்கு நீலம் அடிக்கலாமா, பச்சையா? "உன் இஷ்டம்." உமாவுக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறும். அவள் படித்த படிப்பின் முதல் பாடமே, எதிரில் இருப்பவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டுத் தெரிந்துகொள்வதுதான். ஊர் வாயையெல்லாம் கிளறத் தெரிந்தவளுக்குக் கட்டிய புருஷனிடமிருந்து ஒரு விருப்பத்தைக் கறக்க முடியவில்லை.

இன்னொரு விஷயமும் சொல்லியாக வேண்டும். உமா கட்சால் தீவில் பிறந்தவள். இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்து அங்கே ரப்பர் மரம் கீறின குடும்பம். சுனாமி வந்தபோது சின்னப் பிள்ளை. வீடு போயிற்று, மேட்டுக்கு ஓடி ஆட்கள் பிழைத்தார்கள், கப்பலில் ஏற்றிப் பிளேருக்குக் கொண்டுவந்தார்கள். அந்தக் கப்பலில் அவள் வயிறு கடலோடு போட்ட சண்டை இன்றுவரை ராசியாகவில்லை. ஜெட்டியில் கட்டியிருக்கிற போட் லேசாக ஆடினாலே கரையில் நிற்கிற இவளுக்குத் தலைசுற்றும். தீவில் பிறந்து, தீவில் வாழ்ந்து, போட் இன்ஜின் ஓட்டுகிறவனையே கட்டிக்கொண்டு, போட்டில் மட்டும் காலை வைக்க மாட்டேன் என்கிற பெண்பிள்ளை இந்தப் பக்கத்தில் இவள் ஒருத்திதான். மாமியார் வீட்டுக்கே அவள் போனதில்லை. மாமியார்தான் வந்து பார்த்துவிட்டுப் போவாள்.

இப்படி இருக்கும்போதுதான் சென்னைக் கம்பெனி ஒன்றிலிருந்து வேலை வந்தது. எழுதிப் போட்டதை அவளே மறந்திருந்தாள். தீபாவளி முடிந்ததும் வந்து சேரச் சொல்லிவிட்டார்கள். கௌதமால் போக முடியாது. அவன் உத்தியோகம் இந்தத் தீவுகளுக்குள்தான். போனால் இவள் தனியாகத்தான் போக வேண்டும். ரங்கத்திலேயே படிப்புக்கேற்ற வேலை கிடைத்தால் சென்னை எதற்கு? கிடைக்கவில்லையே. ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து அடுத்தவர்களுக்கு ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"நான் போவவா, இருக்கவா?" என்று கௌதமிடம் கேட்டாள்.

கௌதம் வெகுநேரம் கையைத் துடைத்தான். கையில் கிரீஸே இல்லை. "உன் இஷ்டம்" என்றான்.

அன்றைக்கு அவள் அழுதாள். அழுது முடித்து முகத்தைக் கழுவிக்கொண்டு நேராகக் கோவிந்தராஜ் அண்ணாச்சியின் கடைக்குப் போனாள். இங்கேயே பிழைத்துக் காட்டுவது என்று முடிவு செய்துவிட்டாள்.

அண்ணாச்சி திருநெல்வேலிக்காரர். ரங்கத்துக்கு வந்து தலை நரைத்தவர். அவர் கடையில் நைலான் கயிறு இருக்கும், வெங்காயம் இருக்கும், பெயிண்ட் இருக்கும், மழை ஓய்ந்த பருவத்தில் சொல்லிவைத்தால் கோழிக்குஞ்சும் வரும். பொங்கலுக்குள் வளர்த்துவிடலாம் என்று சுற்றுவட்டாரமே அவரிடம் குஞ்சுக்குச் சொல்லிவைக்கும். அவர் பிளேரிலுள்ள பண்ணைக்குப் போன் போடுவார், குஞ்சு லாரியில் வந்து இறங்கும்.

"கடைக்கு ஒரு சிஸ்டம் செஞ்சு தர்றேன் அண்ணாச்சி" என்றாள் உமா.

"கம்ப்யூட்டர்தான் இருக்கே. உங்கக்கா சீரியல் பாக்கா."

"கம்ப்யூட்டர் இல்ல அண்ணாச்சி, சிஸ்டம். உள்ள என்ன வருது, நடுவுல என்ன ஆவுது, வெளிய என்ன போவுது, அதுதான் சிஸ்டம். உங்க கடை இப்பவே ஒரு சிஸ்டம்தான். எப்படி ஓடுதுன்னுதான் ஒருத்தருக்கும் தெரியாது."

அண்ணாச்சிக்கு இது பாராட்டா திட்டா என்று புரியவில்லை. யோசித்துவிட்டு, "அப்படியா? குஞ்சு சீசன் வருது. அதுல ஓட்டிக் காட்டு. சரியா வந்திச்சுன்னா கடை முழுக்க உன் கையில. வியாபாரிங்க சங்கத்துலயும் நானே சொல்லுதேன், ஒவ்வொரு கடையாக் கூப்பிடுவான். தப்பா வந்திச்சுன்னா மூட்டையக் கட்டிட்டு மெட்ராஸுக்குப் போயிரு, என்ன?" என்றார்.

"டீக்" என்று இந்தியில் ஒப்புக்கொண்டாள் உமா.

அடுத்த சில நாள் கடையில் அவள் தொல்லை தாங்கவில்லை. முதலில் கேட்க வேண்டும், அப்புறம் பார்க்க வேண்டும், அப்புறம் வரைய வேண்டும், அதற்கப்புறம்தான் செய்ய வேண்டும் என்பது அவள் படித்த முறை. அண்ணாச்சியைக் கேட்டாள், கல்லாவில் உட்காரும் அவர் மனைவி கண்ணம்மாவைக் கேட்டாள், மூட்டை இறக்குகிறவர்களைக் கேட்டாள். குஞ்சுக்கு யார் சொல்வார்கள்? கஸ்டமர். எப்படி? கடைக்கு வந்து பேரைச் சொல்வார், எத்தனை என்று சொல்வார். எடுத்துப்போவது யார்? அதே ஆள்தான், வேறே யார்? எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள். எல்லாம் உண்மையும்கூட. உமா சுவரில் காலண்டரைத் திருப்பி மாட்டி, அதன் முதுகில் கஸ்டமர் என்று ஒரு கட்டம் போட்டாள், கடை என்று ஒரு வட்டம், பண்ணை என்று இன்னொரு கட்டம். ஆர்டர் ஒரு அம்புக்குறியில் போயிற்று, குஞ்சு இன்னொரு அம்புக்குறியில் திரும்பி வந்தது. பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. அண்ணாச்சி அதற்கு ஊதுபத்தி காட்டினார்.

குஞ்சு கேட்பவர்களில் முக்கால்வாசிப் பேர் லாங் ஐலண்ட்காரர்கள். முறைப்படி உமா அங்கே போய்ப் பார்த்திருக்க வேண்டும். நடுவில் கடல் இருந்தது. 'கடைக்கு வந்துதானே சொல்றாங்க, கடையில பாத்தா போதாதா?' என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

கண்ணம்மா தட்டுவதற்குச் சுலபமாகத் திரையில் இரண்டே கேள்வி. பேர் என்ன? எத்தனை குஞ்சு? கண்ணம்மாவுக்கு ஒரே குஷி. தாசில்தார் ஆபீசில் இருப்பவர் போல மூக்குக் கண்ணாடியை இறக்கி, "பேரு?" என்று அதட்டுவாள். பேச வந்தவர்கள் பயந்துபோய்த் தாத்தா பேரையும் சேர்த்துச் சொன்னார்கள்.

இரண்டாவது தப்பையும் சொல்லிவிடலாம். புதுசு வந்ததும் பழசைத் தூக்கிப் போடக்கூடாது, கொஞ்ச காலம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டி, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும் என்பது உமாவுக்குத் தெரியும். அண்ணாச்சியிடம் சொல்லவும் செய்தாள். திரையில் கூட்டுத்தொகை மினுக் மினுக்கென்று ஏறுவதைப் பார்த்த அண்ணாச்சி கேட்கிற நிலையில் இல்லை. "அரே, பழசு எதுக்குட்டீ? மூணு மடங்கு யாவாரம் ஏறியிருக்கு பாரு! நீ வந்த ராசி!" என்று லட்டு வாங்கிக் கொடுத்தார். லட்டு வாயில் இருக்கும்போது மறுத்துப் பேச வரவில்லை. திரை சொன்ன எண்ணிக்கையை அப்படியே போனில் சொல்லிவிட்டார்கள்.

குஞ்சு வந்தது. எப்படி வந்தது தெரியுமா? எப்போதும் லாரியின் ஒரு மூலையில் வரும். இந்தத் தடவை லாரியே குஞ்சாக வந்தது. துளை போட்ட அட்டைப்பெட்டிகளை இறக்கினார்கள், இறக்கினார்கள், இறக்கிக்கொண்டே இருந்தார்கள். கடை நிறைந்தது, நடைபாதை நிறைந்தது, பக்கத்துத் தையல்கடை நிறைந்தது. கீச் கீச் சத்தத்தில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்கவில்லை. ஒரு பெட்டி அடி பிய்ந்து மஞ்சள் வெள்ளமாகக் கொட்டியது. குஞ்சுகள் அரிசி மூட்டையில் ஏறின, தராசில் உட்கார்ந்தன, அண்ணாச்சியின் செருப்புக்குள் ஒன்று படுத்துக்கொண்டது. இன்னொன்று தாவிக் கீபோர்டில் ஏறி ஒன்பதின் மேல் நின்றது. திரையில் குஞ்சு ஆர்டர் ஒன்பது ஒன்பதாக நீண்டுகொண்டே போயிற்று.

"அதைப் பிடிட்டீ! இன்னும் ஆர்டர் போடுது!" என்று அண்ணாச்சி அலறினார். கண்ணம்மா பிடிக்கவில்லை. கல்லாவைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடியாமல் தரையில் உட்கார்ந்தாள், உட்கார்ந்த இடத்திலும் குஞ்சு இருந்ததால் எழுந்தாள்.

கொஞ்ச நேரத்தில் லாங் ஐலண்டிலிருந்து காலைப் போட்டில் வந்தவர்கள் தங்கள் பெட்டிகளை எடுக்க வந்தார்கள். சொல்லிவைத்தவர்களில் பலர் வரவே இல்லை, எடுத்தும் பெட்டி குறையவில்லை. தையல்கடைக்காரர் வாசலில் நின்று, "கோழி அண்ணாச்சி!" என்று கூப்பிட்டுவிட்டு ஓடினார். அண்ணாச்சிக்கு முகம் சிவந்துவிட்டது.

"உமா, உன்ன நம்பினேன்லா. சாயங்காலம் பெட்டியக் கட்டிக்கோ" என்றார். கத்தாமல் சொன்னார். அதுதான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

உமா ப்ரோக்ராமைத் திறந்து பார்த்தாள். கூட்டல் சரி. பேரெல்லாம் வேறு வேறு பேர். ஒரு இடத்திலும் பிசகு இல்லை. கூட்டியது சரிதான் என்றால், கூட்டக்கூடாத எதையோ கூட்டியிருக்கிறாள். சுவரில் தொங்கிய படத்தைப் பார்த்தாள். அவள் கண்ணால் பார்க்காமல் வரைந்தது ஒன்றே ஒன்றுதான், அந்தக் கஸ்டமர் கட்டம். அது கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தது. குஞ்சுப் பெட்டி ஒன்றைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு எராட்டா ஜெட்டிக்கு ஜீப் ஏறினாள்.

போட்டில் அவள் கால் வைத்ததைப் பார்த்து ஜெட்டியில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். அலையாத்திக் காட்டு ஓடையைத் தாண்டும்வரை தாக்குப்பிடித்தாள். திறந்த கடல் வந்ததும் வானம் கீழே வந்தது, கடல் மேலே போனது, வயிறு எங்கே போனதென்றே தெரியவில்லை. குஞ்சுப் பெட்டியின் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு ஓங்கரித்தாள். காதுக்குக் கீழே குஞ்சுகள் கீச்சிட்டன. எதிர் பெஞ்சில் லாங் ஐலண்ட் பள்ளி வாத்தியார் பாலகுமார் ஒரு குஞ்சுப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் மீன் வியாபாரி பிஸ்வாஸ், அவர் மடியிலும் ஒரு பெட்டி.

சேதி எட்டியதும் கௌதம் இன்ஜின் ரூமிலிருந்து ஓடி வந்தான். பாதி எலுமிச்சம்பழத்தை அவள் மூக்கில் வைத்து, நெற்றியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"எல்லாம் போச்சுங்க" என்றாள் உமா. "அண்ணாச்சி போவச் சொல்லிட்டாரு. இப்பவாச்சும் சொல்லித் தொலைங்க, நான் மெட்ராஸ் போவவா, வேணாமா?"

கௌதம் வாயைத் திறந்தான். "உன்…" என்று ஆரம்பித்தான்.

"சொல்லாதீங்க! மறுபடி வாந்தி வரும்!" என்று உமா கத்தினாள். மேலேயிருந்து இன்ஜின் ரூமுக்கு மணி அடித்தது. அவன் எலுமிச்சம்பழத்தை அவள் கையில் திணித்துவிட்டு இறங்கிப் போனான்.

லாங் ஐலண்ட் ஜெட்டியில் ஷீலா நின்றிருந்தாள். நாலு வீட்டுக்குக் கேட்கிற குரல், எட்டு வீட்டுக்குப் போதுமான சிரிப்பு. பாலகுமார் வாத்தியார் முதலில் இறங்கி, "ஷீலாம்மா, உங்க குஞ்சு" என்று பெட்டியைக் கொடுத்தார். பின்னாலேயே பிஸ்வாஸ் இறங்கி, "ஷீலா பெஹென், துமாரா முர்கி!" என்று தன் பெட்டியை நீட்டினார். ஆரம்பச் சுகாதார நிலையத்து நர்ஸ் ஒரு பெட்டியோடு வந்து, "அக்கா, உன் குஞ்சு" என்றாள்.

"அரே பாப்ரே, இது என்ன கூத்து!" என்று ஷீலா தலையில் கை வைத்தாள். "எல்லாரும் கொண்டாந்துட்டீங்களே! எப்பவும் ஒருத்தருதானே கொண்டு வருவீங்க!"

அங்கே ஷீலாவுக்கு மட்டும் இல்லை, ஜெட்டி முழுக்க அதே கதைதான். ஒவ்வொருவர் காலடியிலும் மூன்று நான்கு பெட்டி. உமாவுக்குத் தலைசுற்றல் சட்டென்று நின்றது. தள்ளாடிக்கொண்டே ஷீலாவிடம் போனாள்.

"அக்கா, எத்தனை பேர்கிட்ட சொல்லிவிட்டீங்க?"

"ரங்கத் போற எல்லார்கிட்டயும்தான்" என்றாள் ஷீலா. "நேரா யாரும்மா போய்ச் சொல்றது? டவர் இருந்தா கரண்ட் இல்ல, கரண்ட் இருந்தா டவர் இல்ல. ஒருத்தர்கிட்ட மட்டும் சொன்னா, அன்னைக்குன்னு பாத்து காத்து அடிச்சு போட் பந்த் ஆயிரும். இல்ல, அந்தாளு மறந்துருவாரு. அதான் நாலு பேர்கிட்ட சொல்றது. யார் முதல்ல கொண்டாராங்களோ அவங்ககிட்ட வாங்கிக்கிறது."

"கடையில போய் யார் பேரைச் சொல்லுவாங்க?"

"கொண்டார்றவங்க அவங்க பேரைத்தான் சொல்லுவாங்க. அவங்க கையிலதானே கடைக்காரர் குடுக்கணும்? என் பேரைச் சொன்னா அந்த அண்ணாச்சிக்கு நான் யாருன்னு தெரியுமா?"

உமா அப்படியே ஜெட்டியின் சிமெண்ட் தரையில் உட்கார்ந்தாள். கஸ்டமர் என்று அவள் போட்ட ஒரே கட்டம் உண்மையில் இரண்டு கட்டம். வேண்டும் என்று கேட்கிறவர் ஒருவர், சுமந்து வருகிறவர் வேறொருவர். ஒரு ஷீலாவுக்கு நாலு பாலகுமார். இத்தனை நாளும் ஒரே குஞ்சை அவள் நாலு தடவை எண்ணியிருக்கிறாள். சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், அடங்கவில்லை. வாந்தி எடுத்து வெளுத்த முகத்தோடு, மடியில் குஞ்சுப் பெட்டியோடு, ஒரு பெண் ஜெட்டியில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரிப்பதைப் பார்த்து ஊர் கூடிவிட்டது. கூடினவர்களும் காரணம் தெரியாமலே சிரித்தார்கள். பக்கத்தில் யாரோ வைத்திருந்த தண்ணீர் பக்கெட்டில் விரலை நனைத்துத் தரையில் இரண்டு கட்டம் போட்டாள். வெயிலில் அது காய்வதற்குள் அவளுக்கு முழுதும் விளங்கிவிட்டது.

ஒன்று மட்டும் உறுத்தியது. இத்தனை வருஷம் குஞ்சு மிஞ்சவில்லையே, எப்படி?

திரும்பி வரும் போட்டில் அதையும் யோசித்துப் பிடித்துவிட்டாள். வாந்திக்கு நேரமே கிடைக்கவில்லை. கடைக்குள் நுழைந்ததும் அண்ணாச்சியிடம் கேட்டாள்.

"முன்னெல்லாம் பண்ணைக்குப் போன் போடறப்போ, வந்த ஆர்டரை அப்படியேவா சொல்லுவீங்க?"

"பின்னே? அப்படியேதான்."

"பொய். நீங்க வெட்டுவீங்க. மூணுல ஒண்ணுதான் சொல்லுவீங்க."

அண்ணாச்சி கோபமாக வாயைத் திறந்தார். பின்னாலிருந்து கண்ணம்மா முந்திக்கொண்டாள். "ஆமாட்டீ! 'இவனுவ கூட்டித்தான் சொல்லுவானுவ'ன்னு முனகிட்டே குறைச்சுத்தான் சொல்லுவாரு! நானே கேட்டிருக்கேன்!"

அண்ணாச்சி கூரையைப் பார்த்தார். தான் செய்வது தனக்கே தெரியாமல் இத்தனை வருஷம் செய்திருக்கிறோம் என்பது அவருக்கு மெல்ல மெல்ல உறைத்தது. மூன்று பேரில் இரண்டு பேருக்குச் சரக்கு வரவில்லை என்று கையை விரித்தும் ஒருவர்கூடச் சண்டைக்கு வராதது ஏன் என்பதும் சேர்ந்து உறைத்தது. உமா திரையில் மூன்றாவதாக ஒரு கேள்வியைச் சேர்த்தாள். பேர் என்ன, எத்தனை என்பதோடு, யாருக்காக?

"இனிமே இதைக் கேளுங்க அண்ணாச்சி. யார் வந்து சொன்னாலும், யாருக்காகன்னு கேளுங்க. யாருக்காகங்கிறது ஒண்ணா இருந்தா ஆர்டரும் ஒண்ணுதான்."

"நல்லாத்தான் இருக்கு" என்றார் அண்ணாச்சி. நடைபாதையில் கீச்சிட்டுக்கொண்டிருந்த பெட்டிகளைப் பார்த்தார். "இதுங்கள என்ன செய்ய?"

லாங் ஐலண்ட்காரர்களின் வழியை உமா திருப்பிப் போட்டாள். பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு மாயாபந்தர் பஸ்ஸில், திக்லிப்பூர் பஸ்ஸில், கதம்தலா ஜீப்பில் ஏறின ஒவ்வொருவர் மடியிலும் ஒரு பெட்டியை வைத்தாள். "உங்க ஊர்ல கோழி வளக்கிற யார்கிட்டயாவது குடுத்துருங்க, அண்ணாச்சி கடைன்னு சொல்லுங்க!" இந்தத் தீவில் அடுத்தவர் சாமானைச் சுமக்க மாட்டேன் என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. மாயாபந்தர் பஸ் கிளம்பியபோது ஹாரன் சத்தத்தை மீறிக் கீச்சுச் சத்தம் கேட்டது. டிரைவர் மடியிலும் ஒன்று இருந்தது.

எல்லாப் பெட்டியும் போய்விட்டது. அண்ணாச்சி மட்டும் இறங்கி வரவில்லை. பஜாரே அவரைக் கோழி அண்ணாச்சி என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டதே. "போ, நாளைக்கிச் சொல்லுதேன்" என்றார். சென்னைக் கம்பெனிக்காரர்கள் வருகிறாயா இல்லையா என்று கேட்டு அனுப்பியதற்கும் நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

மறுநாள் காலையில் கௌதம் வேலைக்குப் போன பிறகு உமா பெட்டியை எடுத்து வைத்து, புடவைகளை அடுக்கினாள். அடுக்கியதை வெளியே எடுத்தாள். மறுபடி அடுக்கினாள். மனசு கேட்காமல் கடைக்குப் போனாள்.

அண்ணாச்சி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டார்.

"உக்காரு. காலைப் போட்ல வந்தவன்ல ஒருத்தன் பாக்கியில்லாம இங்க வந்துட்டுப் போறான். வாத்தியார் வந்தாரு, 'உமாவ அனுப்பிராதீங்க அண்ணாச்சி, அது இங்கயே இருக்கட்டும்'னாரு. அந்த மீன்கார பிஸ்வாஸ் வந்தான், 'உமா கோ மத் பேஜோ'ங்கான். நர்ஸ் வந்தா. அந்த ஷீலா வந்து கத்தின கத்துல ஷட்டர் ஆடிருச்சு. எல்லாரும் ஒண்ணயேதான் சொல்லுதாங்க."

உமாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரே ஒரு தடவை பார்த்த ஊர், அதுவும் வாந்தி எடுத்துக்கொண்டு.

"நானும் உன் கேள்வியக் கேட்டுப் பாத்தேன்" என்றார் அண்ணாச்சி. "ஒவ்வொருத்தன்கிட்டயும் கேட்டேன். யாருக்காகய்யா வந்திருக்கன்னு. அத்தனை பேரும் ஒரே பேரைச் சொல்லுதான்."

"யாரு?"

"உன் வீட்டுக்காரன். போட்ல ஏறின ஒவ்வொருத்தன் காதுலயும் இன்ஜின் ரூம்லேர்ந்து வந்து வந்து சொல்லிவிட்டிருக்கான்."

உமாவுக்குக் கண் நிரம்பிவிட்டது. சிரிப்பும் கூடவே வந்ததால் எதைத் துடைப்பது என்று தெரியவில்லை. "என்கிட்ட உன் இஷ்டம்னுதாங்க அக்கா சொன்னாரு" என்றாள் கண்ணம்மாவைப் பார்த்து.

"ஒன்கிட்ட எப்படிட்டீ சொல்லுவாரு?" என்றாள் கண்ணம்மா. "லாங் ஐலண்ட்காரர்லா! வேணுங்கிறதை என்னைக்கி நேரா கேட்டிருக்காங்க? நாலு பேர்கிட்ட சொல்லித்தான் விடுவாங்க."

அண்ணாச்சி தொண்டையைக் கனைத்தார். "இப்ப இதை எத்தனை ஆர்டர்னு போடச் சொல்லுத?"

"ஒண்ணுதான் அண்ணாச்சி."

"ஒண்ணுல எங்க வெட்ட? முழுசாத்தான் குடுக்கணும். நாளையிலேர்ந்து கடைக்கு வா. சங்கத்துல நான் பேசிக்கிடுதேன். ஆனா பழசு புதுசு ரெண்டையும் சேத்துத்தான் ஓட்டணும், சொல்லிட்டேன்." உர்ரென்று வைத்திருந்த முகம் அதற்குமேல் நிற்கவில்லை. வயிறு குலுங்கச் சிரித்தார்.

கண்ணம்மா மூக்குக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு கீபோர்டில் தட்டினாள். "பொருள், உமா. எத்தனை? ஒண்ணு. யாருக்காக? கௌதம். பேரு? யாருட்டீ இதைக் கொண்டுபோய்ச் சேக்கது?"

"நானே கொண்டுபோய்க் குடுத்துக்கிறேன் அக்கா" என்றாள் உமா மகேஸ்வரி. எராட்டா ஜெட்டிக்கு ஜீப் பிடித்தாள். ஏறும் முன்னால் காய்கறிக்கடையில் எலுமிச்சம்பழம் வாங்கிக்கொண்டாள்.